விலை குறைந்த பீரைச் சுவைத்து மதிப்பிடுதல்: வாசகர் கேள்வி–பதில்

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் விலை குறைந்த லாகர் பீர்களையும் (குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதிக்கவைக்கப்படும் வகை), பெயரை மறைத்து, சிறு அளவில் ஊற்றி, குறிப்பெழுதிச் சுவைத்துப் பார்க்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து, பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இங்கே பதிலளிக்கிறேன். இப்பக்கம் மது அருந்துவதற்கான சட்டப்படியான வயதை எட்டியவர்களுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அந்த வயது 21.

விலை குறைந்த லாகர்கள் எல்லாமே ஒரே சுவையில்தானே இருக்கின்றன? அவற்றில் மதிப்பிடுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா?
— வாசகர், கோயம்புத்தூர்

அவை ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. 1842-ஆம் ஆண்டு பொஹீமியாவின் (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி) பில்சென் நகரில் ஜோசஃப் குரோல் என்னும் பவேரியர் காய்ச்சிய பொன்னிற லாகரின் வழிவந்தவைதான் இன்று உலகெங்கும் விற்கப்படும் மலிவான பீர்களில் பெரும்பாலானவை. அந்த மூல வகையில் இருந்த ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பும், மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியத்தின் நிறைவும் இவற்றில் வெகுவாகக் குறைக்கப்பட்டிருப்பதால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்கிறது. ஆகவே அதைக் கண்டறியக் கூடுதல் கவனம் வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் சுவையே அங்குதான் இருக்கிறது. வறுத்த மால்ட்டும் ஏராளமான ஹாப்ஸும் சேர்ந்த பீரில் நொதித்தலின்போது நேர்ந்த சிறு குறை எளிதில் மறைந்துவிடும். மெல்லிய லாகரில் அது மறைய இடமே இல்லை. பல லட்சம் பாட்டில்களை, மாதந்தோறும், ஒரே சுவையில் காய்ச்சி அனுப்புவது மிகுந்த தொழில்திறனைக் கோருகிற வேலை என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வார்கள்.

இருப்பினும், நம் நாவின் மீது நமக்குள்ள நம்பிக்கை அளவுக்கு மீறியது. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரால்ஃப் அலிசனும் கென்னத் ஊலும் வெளியிட்ட ஆய்வில், பெயர்ச்சீட்டை அகற்றிவிட்டு பீரைக் கொடுத்தபோது, தாம் வழக்கமாக அருந்தும் பீரைப் பெரும்பாலோரால் அடையாளம் காண முடியவில்லை. பெயர்ச்சீட்டுடன் கொடுத்தபோதோ, அவர்கள் தம்முடைய பீருக்கே கூடுதல் மதிப்பெண் அளித்தார்கள். இந்த மயக்கத்திலிருந்து விடுபட, டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் 1940-களில் உருவாக்கப்பட்ட முக்கோணச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான மூன்று தம்ளர்களில், இரண்டில் ஒரு பீரையும் மூன்றாவதில் வேறொரு பீரையும் நீங்கள் பார்க்காதபோது ஒருவர் ஊற்றித் தர வேண்டும். மாறுபட்டது எது என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்திலேயே மூன்றில் ஒரு பங்கு சரியாக அமைந்துவிடும் என்பதால், ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டதைக் கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆறு முறை செய்து, அதில் ஐந்து முறையேனும் சரியாகச் சொன்னீர்கள் என்றால், உங்கள் நாவு உண்மையாகவே வேறுபாட்டை உணர்கிறது என்று கொள்ளலாம். ஊகத்தால் மட்டும் அவ்வாறு அமைவது 100-க்கு 2 முறைக்கும் குறைவு. ஒவ்வொரு முறையும் இரண்டு வாய் போதும். எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்து முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பீரில் அரிசி சேர்ப்பது கலப்படம் ஆகாதா? ஜெர்மனியில் அதற்குத் தடை இருப்பதாகப் படித்தேன்.
— வாசகர், மதுரை

இன்றைய ஜெர்மனியின் பகுதியான பவேரியாவில் 1516-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை, பீரில் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது என்பது உண்மையே. ஆனால் ஒரு நாட்டின் மரபை எல்லா நாட்டு பீருக்கும் அளவுகோலாக வைப்பது நியாயமன்று. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜெர்மானியர்கள் அங்கே விளைந்த புரதம் மிகுந்த பார்லியைக் கொண்டு காய்ச்சியபோது, பீர் கலங்கலாகவும் கனமாகவும் அமைந்தது; அதைத் தெளிவாக்கவும் மென்மையாக்கவும் மக்காச்சோளத்தையும் அரிசியையும் சேர்த்தார்கள். 1876-இல் தொடங்கிய பட்வைசரில் அரிசி இன்றும் சேர்க்கப்படுகிறது. நம் நாட்டு ஆலைகளிலும் அரிசிக் குருணை வழக்கமான பொருள்தான். அரிசி பீருக்குத் தனியாக ஒரு சுவையைக் கொடுப்பதைக் காட்டிலும், மால்ட்டின் கனத்தைக் குறைத்து, விழுங்கியவுடன் வாயைத் துடைத்தாற்போன்ற முடிவைத் தருகிறது. அந்த முடிவு நேர்த்தியாக அமைந்திருக்கிறதா, அல்லது வெறுமையாக இருக்கிறதா என்பதைக் குறிப்பிற்குள் எழுதுங்கள். அரிசி இருப்பதற்காக மட்டும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

என் கணவர் இப்பக்கத்தைப் படித்துவிட்டு பீர் சுவைப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்கப்போவதாகச் சொல்கிறார். இது குடிப்பதற்கு ஒரு நல்ல பெயர் சூட்டிக்கொள்வதாகாதா?
— வாசகி, சென்னை

உங்கள் கேள்வி முற்றிலும் நியாயமானது. இதைக் கேட்காமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கவே கூடாது என்பது என் கருத்து. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மதுவின் அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆகவே, சுவைத்துப் பார்ப்பது நன்மை தரும் என்று நான் ஒருபோதும் எழுத மாட்டேன். அளவைக் கணக்கிட்டுக் காட்ட மட்டும் என்னால் முடியும்.

8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 650 மி.லி. பாட்டில் ஒன்றில் ஏறத்தாழ 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 விழுக்காடு உள்ள நான்கு பீர்களை ஆளுக்கு 60 மி.லி. வீதம் ஊற்றிச் சுவைத்தால் உள்ளே செல்வது ஏறத்தாழ 9.5 கிராம், அது ஒரு சிறிய 330 மி.லி. பாட்டிலில் இருப்பதைவிடக் குறைவு. பாட்டில்களை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்வதும், மாதத்துக்கு ஒருமுறை என்று வரையறுப்பதும், தம்ளரில் மிஞ்சியதைத் தயங்காமல் கொட்டிவிடுவதும் இதற்கு அடிப்படை விதிகள். உங்கள் கணவர் நான்காவது தம்ளருக்குப் பிறகு குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு ஐந்தாவதை ஊற்றுகிறார் என்றால், அவர் சுவைப்பதை விட்டுவிட்டார் என்றே பொருள். அப்போது நீங்கள் தடுப்பது சரியே. சுவைத்த பின் வண்டி ஓட்டவே கூடாது. 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. என்பது சட்டம் விதித்துள்ள எல்லை, ஆனால் அதைத் தொடாமல் இருப்பதற்காகக் கணக்குப் போட்டுக் குடிப்பது ஆபத்தானது. முன்பு குடிப்பழக்கத்தால் துன்பப்பட்டவர்கள், மருந்து உட்கொள்பவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோருக்கு இந்தப் பொழுதுபோக்கு வேண்டாம். ஆல்கஹால் நீக்கிய பீர்களை மட்டுமே சுவைத்து மதிப்பிடுவதும் தன்னளவில் முழுமையான ஒரு பயிற்சிதான் என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இங்கே கோப்பிக்கடைகளில் பீரில் ஐஸ்கட்டி போட்டுக் குடிக்கிறார்கள். சுவைக்கும்போது அப்படிச் செய்யலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

வெப்பமான ஊரில் அது இயல்பான வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். மதிப்பிடும்போது மட்டும் வேண்டாம். ஐஸ்கட்டி பீரை நீர்க்கச் செய்கிறது, நுரையைக் குலைக்கிறது, மிகுந்த குளிர்ச்சியால் நாவையும் மரத்துப்போகச் செய்கிறது.

ஒரே பெயருடைய பீர் ஒருமுறை நன்றாக இருக்கிறது. மறுமுறை நனைந்த அட்டைப்பெட்டியைப் போல மணக்கிறது. பச்சைப் பாட்டிலில் வந்த ஒன்றில் ரப்பர் கருகிய வாடையே அடித்தது. ஆலையில் தவறு செய்கிறார்களா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

நீங்கள் கண்டுபிடித்திருப்பவை இரண்டு வேறு வேறு குறைகள். இரண்டுமே பெரும்பாலும் ஆலையை விட்டு வெளியேறிய பிறகு நேர்கின்றன.

ரப்பர் வாடைக்குக் காரணம் வெளிச்சம். ஹாப்ஸுக்குக் கசப்பைத் தரும் சேர்மங்கள், பீரில் இயல்பாகவே உள்ள ரைபோஃப்ளேவின் என்னும் வைட்டமினின் துணையுடன், ஒளிபட்டுச் சிதைந்து கந்தகம் அடங்கிய ஒரு சேர்மமாக மாறுகின்றன. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதை உணர்ந்துவிடும். பழுப்புக் கண்ணாடி இந்த மாற்றத்தைத் தூண்டும் நீல ஒளியைப் பெருமளவு தடுக்கிறது. பச்சைக் கண்ணாடியும் நிறமற்ற கண்ணாடியும் அவ்வாறு தடுப்பதில்லை. நல்ல வெயிலில் சில நிமிடங்கள் போதும், வாடை தொடங்கிவிடும். கடையின் குழல்விளக்கின் கீழ் நாள்கணக்கில் நின்றாலும் இதே கதிதான். கேனுக்குள் ஒளி புக வழியே இல்லை என்பதால், மலிவான லாகரை மதிப்பிட விரும்புபவர்களுக்கு நான் கேனையே பரிந்துரைக்கிறேன்.

அட்டைப்பெட்டி மணம் ஆக்சிஜனாலும் முதுமையாலும் வருவது. பாட்டிலை அடைக்கும்போது உள்ளே சிக்கிய சிறிதளவு ஆக்சிஜன், காலம் செல்லச் செல்ல பீரின் புத்துணர்ச்சியை அழித்து இந்த மணத்தை எழுப்புகிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. இத்தொழிலில் இருப்பவர்கள் ஒரு தோராயக் கணக்கைச் சொல்வதுண்டு: ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் இருந்த பீரும், 22 டிகிரியில் 30 நாள் இருந்த பீரும், குளிர்பதனப் பெட்டியில் 300 நாள் இருந்த பீரும் ஏறக்குறைய ஒரே அளவு பழசாகியிருக்கும். நம் ஊரின் கோடையில், தகரக் கூரையின் கீழ் கிடங்கிலும், நண்பகலில் லாரியிலும் அந்தப் பெட்டிகள் கழித்த நாள்களை எண்ணிப் பாருங்கள். செயற்கைக் குளிர்ச்சி பரவாத காலத்தில், ஆங்கிலேயர்கள் கசௌலி, நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளைத் தேடிச் சென்று பீர் ஆலைகளை நிறுவியதற்கும் இந்த வெப்பம்தான் காரணம்.

எனவே, வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்டதையே மதிப்பிடுங்கள். ஒரு பீரில் அட்டைப்பெட்டி மணம் தெரிந்தால், வேறொரு தேதியிட்ட இன்னொன்றைச் சுவைக்கும் வரை அதற்கு மதிப்பெண் இடாதீர்கள். மூன்று வாரம் ஆன ஒரு பீரையும் ஐந்து மாதம் ஆன மற்றொரு பீரையும் ஒப்பிட்டு, முன்னதே சிறந்தது என்று எழுதுவது, காய்ச்சியவருக்குச் செய்யும் அநீதி.

ஆலையிலேயே நேரும் குறைகளும் உண்டு. வெண்ணெய் மணம் வந்தால், நொதித்தலின் இறுதியில் ஈஸ்ட்டுக்கு அந்த மணத்தைத் தரும் சேர்மத்தை உறிஞ்சிக்கொள்ளப் போதிய காலம் தரப்படவில்லை என்று ஊகிக்கலாம். பச்சை ஆப்பிள் மணமும் பெரும்பாலும் அவசரத்தின் அடையாளமே. வேகவைத்த மக்காச்சோளத்தின் மணம், கொதிக்கவைக்கும்போது ஆவியாகியிருக்க வேண்டியது முழுமையாக வெளியேறாததால் வருவது. சில லாகர்களில் அது மிக மெல்லியதாக இருந்தால் குறையாகக் கருதப்படுவதில்லை.

நம் நாட்டு பீரில் கிளிசரின் கலக்கிறார்களாமே? திறந்த பாட்டிலை நீர் நிறைந்த தம்ளரில் தலைகீழாக நிறுத்தினால், அது கீழே இறங்கி வெளியேறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.
— வாசகர், சேலம்

நீங்கள் பார்த்தது பீரைத்தான். பெரும்பாலான பீர்களில் நொதிக்காமல் எஞ்சிய சர்க்கரைப் பொருள்கள் கரைந்திருப்பதால், அவை நீரைவிடச் சற்று அடர்த்தி மிக்கவை. தலைகீழாக நிறுத்தும்போது கனமான பீர் கீழே இறங்க, இலேசான நீர் பாட்டிலுக்குள் ஏறுகிறது. எந்த நாட்டு பீரை வைத்தாலும் இதே இழைகள் தெரியும். கிளிசரின் என்பது ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்கும் ஒரு பொருள். ஒரு லிட்டர் பீரில் ஒன்றிரண்டு கிராம் இருப்பது இயல்பு, திராட்சை மதுவில் அதைவிடப் பல மடங்கு அதிகம். இந்தச் சடங்கைச் செய்த பின் பாட்டிலில் எஞ்சுவது நீர் கலந்த, வாயு போன பீர் மட்டுமே.

எங்களுடைய லயன் ஸ்டவுட், விலைக்கு மிகச் சிறந்தது என்று நினைக்கிறேன். லாகர்களுடன் அதையும் வரிசையில் வைத்து மதிப்பெண் இடலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

அது சிறந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. நுவரெலியாவின் மலைக்குளிரில் தொடங்கிய மரபு, இன்று பியகமவில் தொடர்கிறது, 8.8 விழுக்காடு ஆல்கஹாலும், வறுத்த மால்ட்டின் காப்பி, சாக்லேட் சுவைகளும் கொண்ட அந்தக் கரிய பீருக்குக் கடல் கடந்தும் மதிப்பு உண்டு. ஆனால் லாகர்களுக்கு நடுவே அதை வைக்காதீர்கள். அதைச் சுவைத்த பிறகு எந்த லாகரும் வெறும் நீராகவே தோன்றும்.

பீருக்கு மதிப்பெண் இடுவதில், ஒவ்வொரு வகையையும் அதன் இலக்கணத்துக்குள் நிறுத்தி அளப்பதே முறை. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம், மொத்தம் 50 மதிப்பெண்ணில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தக் கருத்துக்கு 10 என்று பிரித்திருக்கிறது. அதில் மலிவான மெல்லிய லாகருக்கும் தனி வகையும் தனி இலக்கணமும் உண்டு. மணம் மிகக் குறைவாக இருப்பது அங்கே குற்றமாகாது, வெண்ணெய் மணம் இருந்தால்தான் குற்றம். அமெரிக்காவின் பெரிய பீர் போட்டிகளில் பேப்ஸ்ட், ஹாம்ஸ் முதலான விலை குறைந்த பீர்கள் தம் வகைக்குள் பதக்கம் வென்றிருப்பதும் இந்த முறையால்தான். ஸ்டவுட்டுக்கு இன்னொரு மாலையை ஒதுக்கி, பிற ஸ்டவுட்களோடு வைத்துப் பாருங்கள்.

குறிப்பெழுத உட்கார்ந்தால் 'நன்றாக இருக்கிறது', 'சுமார்', 'தண்ணீர் மாதிரி' என்பதைத் தாண்டி எனக்கு எழுத வருவதில்லை. எப்படிப் பழகுவது?
— வாசகர், பெங்களூரு

அறையிலிருந்து தொடங்குங்கள். ஊதுபத்தி, வாசனைத் திரவியம், அடுப்பில் தாளிக்கும் வாடை, சிகரெட் புகை ஆகிய எதுவும் இருக்கக் கூடாது. காரக் கடலையையும் மிளகாய் பஜ்ஜியையும், பீரைச் சுவைத்து முடித்த பிறகே உண்ணுங்கள். இடையிடையே வெறும் பொரியும் நீரும் போதும். கண்ணாடித் தம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ எஞ்சியிருந்தால் நுரை நிற்காது. ஊற்றியவுடன் தம்ளரின் உட்சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டால், தம்ளர் தூய்மையாக இல்லை என்று அறியுங்கள்; அந்த நுரையை வைத்து பீரைக் குறை கூறாதீர்கள்.

பீரை 6, 7 டிகிரியில் ஒருமுறையும், அது 12 டிகிரியை நெருங்கும்போது மறுமுறையும் சுவையுங்கள். விலை குறைந்த பீர்களைப் பனிபோலக் குளிர வைத்து விற்பதற்குக் காரணம், குளிர்ச்சி குறைகளை மறைக்கும் என்பதே. இரண்டாம் முறையும் தாங்கி நிற்கிற லாகர் மதிப்புக்குரியது.

சொற்களுக்கு நீங்கள் வேறெங்கும் போக வேண்டாம், நம் சமையலறையே போதும். மால்ட்டின் மணத்தை முகரும்போது பொரி, வறுத்த கடலை, ரொட்டியின் மேலோடு, வைக்கோல், தேன் ஆகியவற்றில் எது நெருக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹாப்ஸில் எலுமிச்சைத் தோலும் வெட்டிய புல்லும் தெரியலாம். பல ஸ்ட்ராங் பீர்களில் நன்கு கனிந்த வாழைப்பழத்தின் மணம் எழும். அது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர் என்னும் மணப்பொருள். கசப்பு எப்போது தொடங்குகிறது, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது, தொண்டையில் ஆல்கஹாலின் சூடு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனித்து எழுதுங்கள். ஒரு குறிப்பு இப்படி அமையலாம்: "கேன், தயாரித்து ஐந்து வாரம். வெளிர் பொன்னிறம், தெளிவு, நுரை இரண்டு நிமிடத்தில் அடங்கியது. பொரி மணம், பின்னால் சிறிது பச்சை ஆப்பிள். முதலில் இனிப்பு, கசப்பு மெல்லியது, விரைவில் மறைகிறது. சூடேறியதும் ஆப்பிள் மணம் மிகுந்தது." இதைப் படிக்கும் இன்னொருவர் அந்த பீரை வாங்கலாமா என்று தாமே முடிவு செய்துகொள்ள முடியும், 'சூப்பர்' என்று எழுதினால் அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. குறிப்பை முடிக்கும் வரை அருகில் இருப்பவரிடம் பேசாதீர்கள், ஏனெனில் 'வாழைப்பழம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்ற எல்லோருக்கும் அதுவே மணக்கத் தொடங்கும்.

எங்கள் ஊரில் அதே பீர் தமிழ்நாட்டைவிட விலை குறைவு. அப்படியானால் 'மலிவான பீர்' என்பதற்கு என்ன வரையறை? முதன்முதலாகச் சுவைக்க எவற்றை வாங்கலாம்?
— வாசகர், புதுச்சேரி

நம் நாட்டில் பீரின் விலையைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தந்த மாநிலத்தின் கலால் வரி. அதனால் விலையை வைத்து ஆலையின் தரத்தை ஊகிக்க முடியாது. உங்கள் ஊர்க் கடையில் பெரும்பாலோர் வாங்கும் விலைக்குள் இருப்பது எதுவோ, அதையே வரையறையாகக் கொள்ளுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் 5 விழுக்காடு வரை உள்ளதைச் சாதாரண பீர் என்றும், அதற்கு மேல் 8 விழுக்காடு வரை உள்ளதை ஸ்ட்ராங் என்றும் பிரிக்கின்றன; இந்த இரண்டையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள்.

முதல் மாலைக்கு, தயாரிப்புத் தேதி நெருக்கமாக உள்ள மூன்று சாதாரண லாகர்களும், ஆல்கஹால் நீக்கிய ஒன்றும் போதும். அனைத்தையும் சிறிய கேன்களிலோ 330 மி.லி. பாட்டில்களிலோ வாங்கி, முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஊற்றுபவர் தம்ளர்களின் அடியில் எண் ஒட்டி, எந்த எண் எந்த பீர் என்பதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும். எல்லோரும் மதிப்பெண் இட்டு முடித்த பிறகே அந்தத் தாளைப் பிரிக்க வேண்டும்.